சாட்சிக்கு வைத்த பச்சைத் தண்ணீர்

எனக்குப் பிறந்த வீட்டில் மீன், புகுந்த வீட்டில் மாடு. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் அலைச் சத்தத்தில் வளர்ந்தவள், மேற்கு மாம்பலத்தில் மின்சார ரயில் சத்தத்துக்கும் மாட்டுச் சத்தத்துக்கும் நடுவே குடித்தனம் செய்கிறேன். கல்யாணமான புதிதில் என் அக்கா எங்கள் சந்துக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நம்மள மீன் நாத்தம்னு சொல்வாங்களே, இங்க வந்து பாக்கச் சொல்லு" என்றாள். கொட்டகையில் இருந்த என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்துவிட்டது. "எங்க சாணி வாசல் தெளிக்க ஆவும். உங்க மீன் செதிலு இன்னாத்துக்கு ஆவும்?" என்று அங்கிருந்தே கேட்டார். அன்று ஆரம்பித்த கிண்டல் இன்னும் ஓயவில்லை. இந்த இரண்டு நாற்றத்துக்கும் நடுவில் ஒரு பச்சைத் தண்ணீர் வந்து சம்பந்தம் பேசும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

நான் படித்தது தாவரவியல். வேலை ஈக்காட்டுத்தாங்கலில், தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில். ஊரார் வீட்டுத் தண்ணீரில் என்ன குறை என்று நாள் முழுக்கப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டுத் தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. சாணத்தைக் கொட்டகை ஓரத்து டிரம்மில் கரைத்து ஊற்றுகிறோம்; அதிலிருந்து வருகிற வாயுவில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அதுவரைக்கும் பெருமைதான். ஆனால் வாயு போக டிரம்மிலிருந்து வழிகிற கறுப்புத் தண்ணீரும், கொட்டகை கழுவுகிற தண்ணீரும் சேர்ந்து மழைநீர் வடிகாலில் போய் விழும். வடிகால் அடைத்துக்கொண்டால் சந்து முழுக்க நிற்கும்.

பக்கத்து அடுக்குமாடியில் இரண்டாம் மாடி மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரே வேலை, எங்கள் மேல் மாநகராட்சிக்குப் புகார் எழுதுவது. "எங்காத்துல ஜன்னலைத் திறந்து வச்சிண்டு ஒரு வாய் காபி குடிக்க முடியலைம்மா" என்று என்னிடம் நேராகவே சொல்லுவார். நானும் நேராகவே முறைத்துவிட்டுப் போவேன். அவர் சொல்வதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடைசியில் சுகாதார ஆய்வாளர் வந்தார். சத்தம் போடாத மனிதர். வடிகாலைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார். "இந்தத் தண்ணி இனிமே தெருவுக்கு வரக் கூடாதுங்க. அடுத்த தடவை நான் வரும்போதும் வந்துச்சுன்னா, மாடுங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோயிடணும்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு வெளியே என்றால் செங்கல்பட்டு தாண்டி ஒரு சொந்தக்காரர் நிலம் இருக்கிறது, அவ்வளவுதான். அன்று முழுக்க வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. சாயங்காலம் சினை மாட்டுக்குத் தவிடு காட்டியபடி, "மாடு போனா நானும் கூடவே போவணும். அதுங்கள யாராண்ட வுட்டுட்டு வர்றது? நீ இங்க வேலைய பாத்துக்கினு இரு" என்றார். என் வீட்டை எதிர்த்து நான் கட்டிக்கொண்ட மனிதர். அவர் அங்கே, நான் இங்கே என்று பிரிந்து கிடக்கவா அத்தனை சண்டை போட்டேன்?

அந்தக் கவலையோடு வேலைக்குப் போயிருந்தபோதுதான் அந்த பாட்டில் என் கண்ணில் பட்டது. யாரோ மாட்டுக் குட்டைத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப வாங்க வராமல் போயிருந்தார்கள். ஜன்னல் வெயிலில் கிடந்து அது பச்சைப்பசேல் என்று ஆகியிருந்தது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, குட்டிக் குட்டிப் பச்சை மணிகளாக ஆயிரக்கணக்கில். மாட்டுக் கழிவைத் தின்றே இத்தனை பெருகியிருக்கிறது. எங்கள் டிரம்மிலிருந்து வழிகிற தண்ணீரிலும் அதே உரம்தானே இருக்கிறது? நாங்கள் தெருவில் விட்டுத் திட்டு வாங்குவதை இது விருந்தாகச் சாப்பிடுமே. அப்புறம் எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. அந்த பாட்டிலைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

"சாணித் தண்ணிய பாசி துன்னும். பாசிய மீனு துன்னும்" என்று வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"மீன நாம துன்னுவோம். கடைசில நம்ம வாயிக்கே வருதா?" என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் மறுநாளே பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றை நெடுக்காக அறுத்து மொட்டை மாடியில் ஏற்றிக் கொடுத்தார்.

டிரம் தண்ணீரை அவருடைய பழைய வேட்டியில் வடிகட்டி, வெளிச்சம் உள்ளே போகிற அளவுக்கு நல்ல தண்ணீர் கலந்தேன். மீன் தொட்டிக்குப் போடுகிற காற்று மோட்டாரைப் பொருத்தி, பாட்டிலை மிச்சம் வைக்காமல் அதில் கவிழ்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வேலைக்குப் போகும் முன் ஏறிப் பார்ப்பேன், வந்ததும் ஏறிப் பார்ப்பேன். நீர்த்த டீ போலவே கிடந்தது. "அடுப்புல பால வெச்சிட்டு பாத்துக்கினே இருந்தா பொங்காது, தெரியுமா?" என்று கேலி செய்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் அவர் சொன்னதும் சரியாகத்தான் போயிற்று. நான் ஏறிப் பார்க்க மறந்த ஒரு நாள், துணி காயப்போடப் போனபோது, தொட்டி முழுக்கப் பச்சை. அரைத்த கொத்தமல்லியை அள்ளிக் கரைத்த மாதிரி ஒரு பச்சை. ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு நான் மாடியில் குதித்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பால் கேனோடு ஓடி வந்தவர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாமே, பெயிண்டு எதுனா கலந்துட்டியா?" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முருங்கை விதையை இடித்துத் தூவினால் பச்சையெல்லாம் திரண்டு அடியில் படியும். மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரைக் குழாய் வழியே இறக்கிக் கொட்டகை கழுவிக்கொண்டோம். வடிகாலுக்குப் போகிற எங்கள் வீட்டுக் கால்வாய் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. கழுவின தண்ணீர் ஒரு குழிக்கு வரும், அங்கிருந்து மோட்டார் வைத்துத் திரும்ப மாடித் தொட்டிக்கு. படிந்த பாசியோடு மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிந்து பாயில் காயவைத்தேன். மிஞ்சிய பாசியைச் சாணத்தோடு கலந்து டிரம்மிலேயே போட்டோம். அதில் அடுப்பு முன்னைவிட அதிக நேரம் எரிந்தது. அந்த நீலச் சுடரைப் பார்த்தபடி டீ குடிப்பதில் எனக்கு ஒரு திமிர்.

மாமா தன் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, வடாமா? பச்சையா இருக்கே" என்றார்.

"மீனுக்கு முறுக்கு, மாமா."

"கலிகாலம்" என்று ஜன்னலைச் சாத்தினார்.

முதல் முறுக்கைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு குப்பத்துக்கு ஓடினேன். கடல் கொந்தளிப்பாக இருந்து படகு இறங்காத நாட்களில் விற்க ஏதாவது வேண்டுமே என்று, அக்கா வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்த் தொட்டி கட்டி ஜிலேபி மீன் வளர்க்கிறாள். அவள் கைப்பிடி எடுத்து முகர்ந்தாள். "மாடு போட்டத கொண்டாந்து எம்மீனுக்கு போடச் சொல்றியே, உனுக்கு புத்தி கீதா?" என்றாள். நான் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் மொத்தத் தொட்டியும் புரண்டது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வாலால் அறைந்து, எங்கள் இரண்டு பேர் புடவையும் நனைந்துபோயிற்று. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தபார்றி, தொட்டியே கொதிக்குது" என்றாள். மீதியைக் கொடு என்று தூக்குவாளியையே வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து போன் எடுத்தால் நலம் விசாரிப்பது கிடையாது, "முறுக்கு எங்கடி?" மட்டும்தான்.

இத்தனை நடந்தும் மாமாவுக்கு மனம் ஆறவில்லை. ஒரு நாள் எங்கள் மாடிப் படியை மூச்சு வாங்க ஏறி வந்தார், கையில் கழுவின கண்ணாடி பாட்டில்.

"இதுல கொஞ்சம் குடும்மா."

"எதுக்கு மாமா?"

"எவிடென்ஸுக்கு. கார்ப்பரேஷன்காரா வரச்சே காட்டணும். தெருவுல விட்டுண்டிருந்ததை இப்ப மாடியில தேக்கி வச்சு கொசு வளக்கறேள். நாத்தம் வேற வரப் போறது."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. காற்று மோட்டார் ஓடி அலைந்துகொண்டே இருக்கிற தண்ணீரில் கொசு எங்கே முட்டையிடும்? வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கி, முக்கி எடுத்து, "போதலைன்னா இன்னொரு பாட்டில் கொண்டாங்க மாமா" என்று கொடுத்தேன். அவர் மூடியை இறுக்கித் திருகி, அதைச் சுற்றி டேப் ஒட்டி, சாட்சியைத் தன் ஜன்னல் விளிம்பில் நிறுத்தினார். தினமும் வேலைக்குப் போகும்போது அண்ணாந்து பார்ப்பேன். வெயிலில் பளிச்சென்று நிற்கும். அதைப் பார்த்தாலே எனக்கு அன்றைய நாள் கெட்டுவிடும்.

நான் குப்பத்துக்கு முறுக்கு கொண்டுபோயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்டு ஆபீஸில் வேலை செய்கிற ஒருவர் எங்கள் வாசலில் நின்று, நாளைக்கு ஆய்வாளர் வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஊரில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் வருவது ப்ளீச்சிங் பவுடர். குப்பை கிடக்கலாம், சாக்கடை உடைந்திருக்கலாம், ரோட்டின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டால் தீர்ந்தது, ஊர் சுத்தம். என் வீட்டுக்காரர் பார்த்து வளர்ந்ததும் அதுதான்.

திரும்பி வரும்போது சந்து முனையிலேயே மூக்கில் காரம் ஏறியது. சந்தின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு. எங்கள் வாசல் வெள்ளை, கொட்டகை வெள்ளை, மாடுகளின் குளம்புகூட வெள்ளை. நடுவில் துடைப்பத்தோடு இவர், முகமெல்லாம் பெருமை.

"எப்டி கீது? ஆபீஸரு அசந்துடுவாருல்ல?"

"கழுவுன தண்ணி எங்க போச்சு?"

"எங்க போவும்? நீ சொன்ன மாதிரிதான். குழிக்கு வந்துது, டிரம்முல கொஞ்சம் ஊத்துனேன், மிச்சத்த மோட்டார் போட்டு மேல ஏத்திட்டேன். ஒரு சொட்டு தெருவுக்கு போவல."

நான் மாடிக்கு ஓடினேன். பச்சை இல்லை. தொட்டியில் கழுநீர் மாதிரி ஒன்று வெளுத்துக் கிடந்தது. தொட்டியின் உள்பக்க ஓரமெல்லாம் பளபளவென்று தேய்த்துவிடப்பட்டிருந்தது.

பின்னாலேயே வந்தவர் சொன்னார், "ஓரத்துல பாசி புடிச்சிக்கினு அசிங்கமா இருந்துது. அதான் பவுடர் போட்டு தேச்சி வுட்டேன். தண்ணில கீறது உன் பாசி. ஓரத்துல கீறது அழுக்குதானே?"

நான் கத்திய கத்தலில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டிருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போன கதை என்று கேட்டிருக்கிறேன், இங்கே பிள்ளையாரையே கரைத்துவிட்டிருந்தார். பாசியைக் கொல்வதற்கென்றே விற்கிற பவுடரை மூட்டையோடு வாங்கி வந்து பாசித் தொட்டியில் போட்ட மனிதரைக் கட்டிக்கொண்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்றேன். கடைசியில், "வெள்ளையா இருந்தா மாட்ட வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் வடிந்து அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை அடுப்பு ஒரு முறை சீறிவிட்டு அணைந்துபோனது. டிரம்முக்குள் வாயு செய்கிற கிருமிகளும் பவுடரில் அடிபட்டிருந்தன. டீகூட இல்லாமல் ஆய்வாளருக்காகக் காத்திருந்தோம்.

அவர் வந்தார். வெள்ளைத் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். காய்ந்த கால்வாயைக் குனிந்து பார்த்தார். "அப்போ தண்ணி எல்லாம் எங்க போகுது?" என்றார். பாசி வளர்க்கும் தொட்டிக்குத்தான் என்று சொல்லி மாடிக்குக் கூட்டிப் போனோம். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதாங்க நீங்க சொன்ன பாசியா?"

"நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சு சார். ப்ளீச்சிங் பவுடர் பட்டு செத்துப்போச்சு."

"எல்லாரும் இப்படித்தாங்க சொல்றாங்க. இது வெறும் கழிவுத் தண்ணி. நான் போனதும் இதையும் வடிகால்லதான் ஊத்துவீங்க." பேனாவை எடுத்தார். என் வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. மாமா. கையில் அந்த பாட்டில். "சார், கொஞ்சம் இருங்கோ. எவிடென்ஸ் நான் வச்சிண்டிருக்கேன். இவா வளக்கற தண்ணி இதுதான். நன்னா பாருங்கோ" என்று நீட்டினார்.

பாட்டில் பச்சையாக, உயிரோடு இருந்தது. உள்ளே சின்னச் சின்னக் குமிழி ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். டேப்பைக் கிழித்து, மூடியைத் திறந்து முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"நாத்தமே இல்லையே சார். புல்லு வெட்டின வாசனைதான் வருது."

"அதெப்படி?" என்று மாமா வாங்கி முகர்ந்தார். அத்தனை நாளும் அவர் அதைத் திறந்ததே இல்லை. திரும்பத் திரும்ப முகர்ந்துவிட்டு, "நாத்தம் இல்லைதான்" என்றார்.

"கொசுப்புழுவும் காணோம்."

"அது ஒண்ணும் வரலை. நான்தான் தினம் பாத்துண்டிருக்கேனே" என்றார் மாமா. புகார் கொடுக்க வந்த மனிதர், கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கு முதல் முதலாக மரியாதை வந்தது.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "இந்த பாட்டில்ல இருக்கிற மாதிரி தொட்டி முழுக்க இருக்கணும். திரும்பி வருவேன். அப்பவும் இப்படியே கிடந்துச்சுன்னா பேச்சே கிடையாதுங்க, மாடு போகணும்" என்று இறங்கிப் போனார்.

மாமா பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினார். நான் கொட்டகை வாசலில் வழி மறித்து நின்றேன்.

"மாமா, அந்தத் தண்ணி எனக்கு வேணும்."

"நன்னா இருக்கே. இது உங்க மேல கம்ப்ளெயின்ட் குடுக்க வச்சிண்டது."

"தெரியும் மாமா. ஆனா தொட்டியில எல்லாம் செத்துப்போச்சு. உயிரோட மிச்சம் இருக்கறது உங்க கையில இருக்கறதுதான்."

என் வீட்டுக்காரர் சினை மாட்டின் முதுகில் கை வைத்தபடி, "சாரு, இது நெற மாசம். வண்டில ஏத்திக்கினு அம்மாந்தூரம் போனா தாங்காது" என்றார். மாமா மாட்டைப் பார்த்தார். பாட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். மேலே கதவு சாத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவ்வளவுதான் என்று நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். பாட்டிலை என்னிடம் கொடுத்தார். பாதிதான் இருந்தது.

"மீதியை வேற பாட்டில்ல விட்டு வச்சிருக்கேன், அது என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "இன்னும் எவிடென்ஸா மாமா?"

அவர் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். "இவர் மறுபடியும் பவுடர் தூவினா என்ன பண்ணுவே?"

நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. முதலில் ஒரு பக்கெட், அப்புறம் துணி அலசுகிற டப், அது நன்றாகப் பச்சை ஏறி, தொட்டித் தண்ணீரில் பவுடர் வீரியம் வெயிலில் போன பிறகே தொட்டி. டிரம்மைக் காலி செய்து கழுவி, தெரிந்தவர் வீட்டு டிரம்மிலிருந்து கொஞ்சம் கரைசல் வாங்கி வந்து ஊற்றிப் புதுச் சாணம் போட்டோம். ஒரு நாள் காலையில் குழாயைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினேன், நீலச் சுடர் குப்பென்று வந்தது. நான் போட்ட சத்தத்தில் பால் வாங்க வந்த பெண்கள் பயந்துவிட்டார்கள். அக்கா போனில், "மீனெல்லாம் எளச்சிப் போச்சி, முறுக்கு எங்கடி?" என்று கேட்டபோது, வருகிறது வருகிறது என்று கத்தினேன்.

ஆய்வாளர் சொன்னபடி திரும்பி வந்தார். தொட்டியில் கையை விட்டு அள்ளி முகர்ந்தார். கால்வாயைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "மாடு இருக்கட்டுங்க. பவுடர் மட்டும் வேணாம்" என்றார். அவர் போன பிறகு இவர் கொட்டகையில் சினை மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தோள் குலுங்கியது. நான் கிட்டே போகவில்லை. போனால் நானும் அழுது, டீ ஆறிப்போயிருக்கும்.

மாடு அடுத்த வாரமே கன்று போட்டது. முதல் சீம்பாலைக் காய்ச்சி, வெல்லமும் ஏலக்காயும் போட்டு, அவரே மாமா வீட்டுக்குக் கொண்டுபோனார். அத்தனை வருஷத்தில் அந்த வாசற்படியை அவர் மிதித்ததே இல்லை. திரும்பி வரச் சற்று நேரமானது.

"வாங்கிக்கினாரா?" என்றேன்.

"வாங்கிக்கினாரு. உள்ள உக்கார வெச்சி காப்பி குடுத்தாரு."

"அந்த பாட்டில்?"

"அங்கேதான் கீது. நாங்க பேசிக்கினு இருக்கும்போதே எழுந்து போயி, வெயிலு படற பக்கமா திருப்பி வெச்சிட்டு வந்தாரு."